பெட்டி ரிவியா, கணினி மொனிட்டரா, எல்சிடியா? பழைய கேமுக்கு எது பொருந்தும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சின்னம்மா வீட்டு விறாந்தையில் 21 அங்குலப் பெட்டி ரிவி ஒன்று ஆறேழு வருடமாகத் துணி போர்த்தியபடி இருந்தது. போன மாதம் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கத் தொடங்கியபோது, அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அன்று இரவே தம்பி எனக்குக் கோல் எடுத்தான்.

"அண்ணா, ரொறன்ரோ மாமா தந்துவிட்ட பிளேஸ்டேஷன் 2 இருக்கு. அந்தக் காலத்து ரிவி கேமும் துவக்கோட இருக்கு. இந்த ரிவியை வைச்சிருக்கவா, இல்லாட்டி ஹோலுக்குள்ள இருக்கிற எல்சிடியில போடவா? எங்கட கந்தோரில பழைய கொம்பியூட்டர் மொனிட்டர் ஒண்டும் சும்மா தாறம் எண்டவை. எது நல்லம்?"

"இரும்புக்காரரை மறிச்சு வை, நாளைக்கு வாறன்" என்றேன்.

இதே கேள்வியை இந்த ஒரு வருடத்தில் மூன்று நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் திரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: எது பெரிது, எது புதிது, எது சும்மா கிடைக்கிறது. நான் மறுபக்கத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்களிடம் இருக்கும் மெஷின் எந்த விதமான சமிக்ஞையை வெளியே விடுகிறது என்று முதலில் பாருங்கள். அது தெரிந்துவிட்டால் திரை பாதி முடிவாகிவிடும்.

எங்கள் நாட்டு ரிவி முறை பி.ஏ.எல். அதில் ஒரு முழுப்படத்துக்கு 625 கோடுகள். அவற்றை ஒரேயடியாக வரையாமல், ஒற்றைக் கோடுகளை ஒரு தடவை, இரட்டைக் கோடுகளை அடுத்த தடவை என்று செக்கனுக்கு 50 அரைப்படங்களாக வரைவார்கள். 1983 இல் ஜப்பானில் வந்த ஃபாமிகொம், அதைப் பார்த்துச் செய்து எங்கள் கடைகளுக்கு வந்த ரிவி கேம்கள், சேகா மெகா ட்ரைவ், முதலாவது பிளேஸ்டேஷனின் பெரும்பாலான கேம்கள் எல்லாம் இதில் ஒரு குறுக்குவழி எடுத்தன. ஒற்றை, இரட்டை என்று மாற்றாமல் ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே வரைந்தன. ஃபாமிகொம்மின் படம் 256 புள்ளி அகலம், 240 கோடு உயரம். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு கோடு வெறுமையாக விடப்படுவதால் பெட்டி ரிவியில் மெல்லிய கருங்கோடுகள் தெரியும். அந்தக் காலத்து ஓவியர்கள் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் ஒவ்வொரு புள்ளியையும் வைத்தார்கள்.

பெட்டி ரிவி இந்த சமிக்ஞையை எந்தக் கேள்வியும் கேட்காமல் வரைந்துவிடும். வயரில் வருவது வரவர, குழாயின் கழுத்திலிருந்து புறப்படும் இலத்திரன் கற்றை கண்ணாடியில் கோடு கோடாக எழுதிக்கொண்டே போகும். படத்தைச் சேமித்து வைத்து யோசிக்க அதற்குள் எதுவும் இல்லை. பட்டனை அமத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் இடையில் ரிவி தன் பங்குக்குச் சேர்க்கும் தாமதம் இல்லையென்றே சொல்லலாம்.

எல்சிடிக்கு அப்படி முடியாது. அதன் புள்ளிகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பவை. வரும் படத்தை வாங்கி, தன் அளவுக்குப் பெருப்பித்து, அப்புறம்தான் காட்டும். அதோடு 240 கோட்டுப் படத்தை நிறைய எல்சிடிகள் சாதாரண ஒளிபரப்பு என்று எண்ணி, இல்லாத அரைப்படங்களை ஒன்றுசேர்க்கப் பார்க்கின்றன. ஓடும் உருவம் மங்குகிறது, அடிபட்டுச் சிமிட்டும் பாத்திரம் சிலவேளை தெரியாமலே போகிறது. செக்கனுக்கு 60 படம் வரும் கேமில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், என்பது 16.7 மில்லிசெக்கன். இரண்டு மூன்று ஃபிரேம் பிந்தினாலே குழியைத் தாண்டும் கேமில் குழிக்குள் விழுவீர்கள். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு முடித்த கட்டத்தை இப்போது எல்சிடியில் விளையாடிவிட்டு "கை விட்டுப்போச்சு" என்று கவலைப்படும் ஆட்களைக் கண்டிருக்கிறேன். அது அநேகமாக அவர்களுடைய கையின் குற்றம் இல்லை.

ரிவி கேமோடு வரும் விளையாட்டுத் துவக்கின் கதை இன்னும் தெளிவானது. 1984 இல் நின்டென்டோ வெளியிட்ட டக் ஹன்ட் கேமில் விசையை அமத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் ஒன்று தோன்றும். துவக்கின் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். சதுரம் வரவேண்டிய நேரத்தில் சரியாக வரவேண்டும். எல்சிடி அதைக் காட்டி முடிக்கும்போது கேம் "தவறிவிட்டது" என்று முடிவெழுதிவிட்டிருக்கும். எவ்வளவு விலை கொடுத்து எல்சிடி வாங்கினாலும் அந்தப் பழைய துவக்கு அதில் வேலை செய்யாது. தம்பியின் வீட்டில் துவக்கு இருந்ததால் பாதி முடிவு அங்கேயே வந்துவிட்டது.

படத்தின் அழகையும் சொல்லவேண்டும். 1991 இல் மெகா ட்ரைவுக்கு வந்த சொனிக் கேமில் நீர்வீழ்ச்சிகள் உண்டு. எல்சிடியில் அவை வேலித் தகரம் போல நெட்டுக்குத்தான கோடுகளாகத் தெரியும். மஞ்சள் ஏவி வயரில் பெட்டி ரிவிக்கு வரும்போது அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராக மாறிவிடும். மெகா ட்ரைவுக்கு ஒளி ஊடுருவும் நிறம் காட்டத் தெரியாது, வயரின் மங்கலை வைத்தே அதைச் செய்துவிட்டார்கள். அசைவும் அப்படித்தான். பெட்டி ரிவியில் ஒவ்வொரு புள்ளியும் மில்லிசெக்கன் அளவு நேரம் பளிச்சென்று எரிந்து அணையும். எல்சிடி ஒரு ஃபிரேம் முழுவதும் அதே படத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கும். அதனால் வேகமாக நகரும் காட்சி எல்சிடியில் இழுபடுவதும் பெட்டியில் கூர்மையாக நிற்பதும் இயல்பு.

எனக்கு இதில் சொந்தப் பாசமும் உண்டு, அதை மறைக்கவில்லை. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் வாடகை ஜெனரேற்றர் பிடித்து, ஒழுங்கையில் உள்ள எல்லோரும் ஒரு ரிவிக்கு முன்னால் பாய் விரித்து விடியவிடியப் படம் பார்த்த ஊர் இது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து லொறிகளில் ரிவிகள் வந்திறங்கின. எங்கள் வீட்டுக்கு முதல் கலர் ரிவி வந்ததும் அப்போதுதான். அப்படி வந்தவைதான் இப்போது விறாந்தைகளிலும் கோழிக்கூட்டுப் பக்கத்திலும் கிடக்கின்றன.

சரி, யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். எங்களிடம் இருக்கும் கொன்சோல்களில் பாதி உறவுக்காரர் தந்துவிட்டவை. கனடாவிலிருந்து வந்தது ஒரு மாதிரி, லண்டனிலிருந்து வந்தது இன்னொரு மாதிரி.

கனடாச் சாமான் 120 வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் சுவரில் இருப்பது 230. பருமனான பழைய பிளேஸ்டேஷன் 2 இல் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது, நேரே குத்தினால் அத்தோடு அதன் கதை முடிந்தது. என் மச்சான் ஒருவன் பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடப்டரைப் போட்டுவிட்டு வோல்ட்டையும் அது மாற்றும் என்று நம்பினான். ஒரு சத்தம், ஒரு மணம், அவ்வளவுதான். 230 ஐ 110 அல்லது 120 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்குங்கள், 100 வோட்ஸுக்குக் குறையாமல். மெல்லிய மாடல்கள் பலவற்றுக்கு அடப்டர் வெளியே தனியாக வரும். அதன் முதுகில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றிருந்தால் அதற்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

அப்புறம் நிறமுறை. கனடாக் கொன்சோல் என்.டி.எஸ்.சி., செக்கனுக்கு 60 தடவை. பி.ஏ.எல் மட்டும் தெரிந்த ரிவியில் அது கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது படம் மேலும் கீழும் உருளும். நல்ல காலம், எங்கள் பக்கத்துச் சந்தைக்கென்று செய்த பெட்டி ரிவிகளில் பலவற்றுக்கு இரண்டு முறையும் தெரியும். றிமோட்டில் மெனுவுக்குள் போய் கலர் சிஸ்டம் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே என்.டி.எஸ்.சி. என்றும் இருந்தால் அந்த ரிவியை விடாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே லண்டனிலோ கனடாவிலோ உள்ள ரிவியை விட எங்கள் விறாந்தை ரிவி சிலவேளை கூடுதலாக உதவும்.

லண்டன் கொன்சோலுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்கார்ட் என்ற அகலமான தலை கொண்ட வயரோடு வரலாம். அந்தச் சொக்கற் ஐரோப்பிய ரிவிகளுக்கு உரியது, எங்கள் ரிவிகளில் அநேகமாக இருக்காது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று பிரியும் சாதாரண ஏவி வயர் வாங்கிக்கொண்டால் போதும். இன்னொரு விடயமும் உண்டு. 60 தடவைக்கு எழுதிய கேமை 50 க்கு அப்படியே போட்டுவிட்ட காலம் அது. அப்படிப்பட்ட ஐரோப்பியப் பிரதிகள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் இருக்கும். லண்டனிலிருந்து வந்த மெகா ட்ரைவில் சொனிக் சற்றுக் களைத்துப்போனவன் போல ஓடுவது இதனால்தான். பிளேஸ்டேஷன் 2 காலத்தில் சில கேம்கள் தொடங்கும்போதே 60 வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று கொடுங்கள்.

ரிவியின் பின்பக்கத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று சொக்கற்றுகள் இருந்தால் அது பெரிய வரம். டிவிடி பிளேயருக்கென்று வைத்தவை அவை. பிளேஸ்டேஷன் 2 க்கு அதற்குரிய வயரைப் போட்டு, அதன் செட்டிங்கில் கொம்போனன்ட் என்று மாற்றினால், மஞ்சள் வயரில் ஊறிக் கலங்கும் சிவப்பு நிறம் துப்பரவாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: ரிவியின் முகத்தில் 100 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது பெட்டி ரிவிதான், ஆனால் படத்தை உள்ளே வாங்கி வைத்து இரட்டிப்பாக்கிக் காட்டும். எல்சிடியின் தாமதம் அதிலும் வந்துவிடும், துவக்கும் வேலை செய்யாது.

இனி அந்தக் கந்தோர் மொனிட்டர். பார்வைக்கு இரண்டும் கண்ணாடிக் குழாய்தான் என்பதால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ரிவி செக்கனுக்கு ஏறக்குறைய 15,600 கோடுகள் வரையும். கணினி மொனிட்டர் ஏறக்குறைய 31,000 இலிருந்துதான் தொடங்கும். ரிவி கேமையோ பிளேஸ்டேஷனையோ அதில் நேரே பூட்ட முடியாது. நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி போட்டால் படம் வரும், ஆனால் மலிவான பெட்டி என்றால் எல்சிடிக்குச் சொன்ன தாமதமும் கலக்கமும் அதோடு சேர்ந்து வரும். அப்படியிருக்க 15 அங்குல மொனிட்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால் கணினிக் கேம் என்றால் கதை தலைகீழ். பாடசாலைக் கணினி அறையில் ஆசிரியர் வெளியே போனதும் திறந்த டேஞ்சரஸ் டேவ், 1989 இல் வந்த பிரின்ஸ் ஒஃப் பெர்சியா, பின்னால் வந்த விண்டோஸ் 98 காலத்து கேம்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் பிறந்த வீடு. டொஸ் என்ற பழைய கணினி முறையில் ஓடிய கேம்களில் பல 320 க்கு 200 அளவில், செக்கனுக்கு 70 தடவை வரும். எல்சிடியில் அவை நசிந்தோ இழுபட்டோ தெரியும். பழைய மொனிட்டர் அந்த 200 ஐயும் உயரம் முழுக்க விரித்துக் காட்டும், ஆட்கள் ஆட்களின் உருவத்தில் இருப்பார்கள். 640 க்கு 480, 800 க்கு 600, 1024 க்கு 768 என்று எந்த அளவைக் கொடுத்தாலும் அதுவே தன் சொந்த அளவு போலக் காட்டும். எழுத்து வாசிக்கும் வேலை இருந்தால் 85 ஹேர்ட்ஸில் வையுங்கள், 60 இல் வெள்ளைத் திரை கண்ணைக் கூசும். புதிய கிராஃபிக் கார்டில் பழைய மொனிட்டர் வயரைப் பூட்டும் விஜிஏ வாய் இல்லை. என்விடியா 2016 இல் விட்ட ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அது போய்விட்டது. எச்டிஎம்ஐயை விஜிஏயாக மாற்றும் சின்னத் துண்டு ஒன்று போதும், அது படத்தைச் சேமிப்பதில்லை என்பதால் கவனிக்கும்படியான தாமதம் வராது. கடைசியாக, சேகாவின் ட்ரீம்காஸ்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த மொனிட்டர்தான் புதையல். அந்தக் கொன்சோலால் உரிய வயரோடு விஜிஏயை நேரே கொடுக்க முடியும்.

எல்சிடியை நான் வெறுக்கவில்லை. சிலருக்கு அதுதான் சரியான விடை. ஒறிஜினல் கொன்சோலை எல்சிடியில் போடத்தான் வேண்டும் என்றால் இரண்டு வழி. மலிவு வழி, ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் சின்னப் பெட்டி. அது படத்தை வரவைக்கும், அவ்வளவுதான், தாமதத்தைக் குறைக்காது. நல்ல வழி, ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள். இவை 240 கோட்டை 240 கோடு என்று சரியாகப் புரிந்துகொண்டு, கவனிக்கும்படியான தாமதம் சேர்க்காமல் பெருப்பித்துக் கொடுக்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும், கூலியும் வரியும் சேரும்போது கொன்சோலை விட விலை கூடிவிடும். எதைப் போட்டாலும் ரிவியில் கேம் மோட் என்பதைத் திறந்துவிட்டு, அகலத்தை நாலுக்கு மூன்று என்று மாற்றுங்கள். பதினாறுக்கு ஒன்பதாக இழுத்து உப்பிப்போன மாரியோவைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

கொன்சோலே இல்லை, கேம்தான் வேண்டும் என்பவர்கள் கணினியில் பழைய கொன்சோல் போல இயங்கும் ரெட்ரோஆர்க் மென்பொருளைப் போட்டு, அதில் படத்தைப் பெட்டி ரிவி போல மாற்றிக் காட்டும் ஷேடர் என்ற சின்ன நிரலைத் திறக்கலாம். இங்கே திரையின் நுணுக்கம்தான் எல்லாம். 768 கோட்டு லப்டொப்பில் கேமின் ஒரு கோட்டுக்கு மூன்று கோடு சொச்சம்தான் கிடைக்கும், கருங்கோடு ஒழுங்கில்லாமல் வரும். 1080 இல் நாலரை. 4கே ரிவியில் 2160 ஐ 240 ஆல் பிரித்தால் சரியாக ஒன்பது. ஒன்பது கோட்டுக்குள் வெளிச்சம், மங்கல், இருட்டு எல்லாவற்றையும் அழகாக வைத்துவிடலாம். சிஆர்டி ரோயல் என்ற ஷேடரை 4கே ஓலெட் திரையில் பார்த்தபோது நான் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு கிட்ட. றாஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி வைத்திருப்பவர்கள் அதன் ஹெட்போன் ஓட்டையிலிருந்தே பெட்டி ரிவிக்கு ஏவி எடுக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அதற்கான வயர்களில் நிலக்கம்பி இருக்கும் இடம் மாறுபடும், பார்த்து வாங்குங்கள்.

பெட்டி ரிவி என்று முடிவெடுத்தால் எதைப் பார்த்து எடுப்பது? அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். போட்டவுடன் வருவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். படம் மெல்ல மெல்ல விழித்துக்கொண்டு, கடைசிவரை மங்கலாகவே இருந்தால் குழாய் தேய்ந்துவிட்டது, அதைத் திருத்த முடியாது. நடுவில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அநேகமாக அது ஒரு ஐசியோடும் விட்டுப்போன ஈயத்தோடும் முடியும் வேலை. மூலையில் ஊதாவோ பச்சையோ திட்டாக இருந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். காந்தம் பட்ட திட்டு ரிவியை ஆற அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போட்டால் பலவேளை போய்விடும். சோனி ட்ரினிட்ரொன்னில் மயிர் போல ஒன்றிரண்டு குறுக்குக் கோடு தெரிந்தால் அது பழுது இல்லை. உள்ளே இருக்கும் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் கம்பியின் நிழல் அது.

குருநகர், நாவாந்துறைப் பக்கத்து வீடுகளிலிருந்து எடுப்பதென்றால் பின்மூடியின் திருகாணிகளைப் பாருங்கள். உப்புக் காற்றில் அவை துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். மாரி முழுவதும் விறாந்தையில் இருந்த ரிவியை எடுத்தவுடன் கரண்டில் போடாதீர்கள். காய்ந்த அறையில் சில நாள் வையுங்கள். ஈரமும் தூசியும் சேர்ந்த இடத்தில் உயர் வோல்ட் பொறி பாயும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். கலர்க் குழாய்க்குப் போகும் அழுத்தம் 20,000 வோல்ட்டுக்கு மேல். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது குழாயில் தங்கியிருக்கும். கொள்ளளவி மாற்றுவது, ஈயம் வைப்பது எல்லாம் பழைய ரிவித் திருத்துநரின் வேலை. அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள். குழாயின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செப்புக் கம்பிக்காக முற்றத்தில் போட்டு உடைக்க விடாதீர்கள், பிள்ளைகள் விளையாடும் மண் அது. தூக்கும்போது கண்ணாடி உங்கள் நெஞ்சுப் பக்கம் இருக்கட்டும், பாரம் முழுவதும் முன்னால்தான். 21 அங்குலம் இருபது கிலோவுக்கு மேல் வரும். 29 அங்குலத்துக்கு இரண்டு பேர் வேண்டும்.

கரண்ட் பில்லைப் பற்றிச் சின்னம்மா கேட்டார். 80 வோட்ஸ் என்று வைத்து, நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் மாதம் ஐந்து யூனிற்றுக்குள். இன்றைய எல்சிடிகள் பல அதை விடக் குறைவாக எடுக்கும். அவர் யோசித்துவிட்டு, சனி ஞாயிறு மட்டும் என்றார்.

மெனுவைத் திறந்து பார்த்தோம், என்.டி.எஸ்.சி. இருந்தது. மூன்று நிறச் சொக்கற் இல்லை, முன்னால் ஏவி மட்டும். பிளேஸ்டேஷன் 2 க்கு ட்ரான்ஸ்போமர் வாங்கும்வரை அதைத் தொட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லி, ரிவி கேமைப் பூட்டினோம். மொனிட்டரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அவனிடம் டொஸ் கேம்கள் நிரம்பிய பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. துவக்கின் வயர் கட்டை, அதனால் ரிவிக்கு நாலடி தூரத்தில் நிலத்தில் இருந்துதான் சுட வேண்டும். சின்னம்மா பெயின்ற் வாளியை ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். முதல் இரண்டு வாத்து பறந்து போனது. மூன்றாவதை அவர்தான் விழுத்தினார்.